ஒரு பில்லிங் சாஃப்ட்வேருக்காக முழு டெஸ்க்டாப் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்களுடையது மொத்த வியாபார நிறுவனம். தலைமை அலுவலகத்தில் 22 பேர், இரண்டு கிளைகளில் 9 பேர், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் 4 பேர். பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாமே ஒரு விண்டோஸ் சாஃப்ட்வேரில்தான் நடக்கிறது. அதன் டேட்டா தலைமை அலுவலக சர்வரில் இருக்கிறது. கிளைகள் விபிஎன் (இணையத்துக்குள் பாதுகாப்பான தனிப் பாதை) வழியாக அந்த டேட்டாவைத் திறக்கின்றன. ஒரு பில் போடவே ஒரு நிமிடம் ஆகிறது, லைன் விட்டுப்போனால் சில சமயம் ஃபைலே கெட்டுப்போகிறது. அவசரத்துக்கு ஒருவர் ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்து, சர்வருக்கே ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக் கொடுத்தார். வேகம் நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்றாவது ஆள் உள்ளே வர முடிவதில்லை. வீட்டில் இருப்பவர்கள் இலவச ரிமோட் சாஃப்ட்வேரில் தங்கள் அலுவலக பிசியைத் திறக்கிறார்கள். இப்போது மூன்று பேர் மூன்று யோசனை சொல்கிறார்கள். ஒருவர் சிட்ரிக்ஸ் என்ற ரிமோட் சாஃப்ட்வேர் போடலாம் என்கிறார். இன்னொருவர் எல்லோருக்கும் மாதக் கட்டணத்தில் கிளவுட் டெஸ்க்டாப் வாங்கச் சொல்கிறார். மூன்றாமவர், சாதாரண விண்டோஸில் ஒரு ஃபைலை மாற்றினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், செலவே இல்லை என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? டிசைன் வேலை செய்யும் 2 பேரும் எங்களிடம் இருக்கிறார்கள்.

பதில்: வணக்கம். மூன்று யோசனைகளையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரவுட்டரில் திறந்துவைத்த அந்த போர்ட்டை மூடிவிடுங்கள்.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாக 3389 என்ற போர்ட்டில் காத்திருக்கும். இணையம் முழுக்க அந்த போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். உங்கள் சர்வரிலேயே இதைப் பார்க்கலாம். ஈவென்ட் வியூவரைத் திறந்து, செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணை மட்டும் வடிகட்டுங்கள். தோற்றுப்போன லாகின் முயற்சிகளின் எண் அது. உங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்களில், அட்மின், டெஸ்ட், ஸ்கேனர் என்று, நடுராத்திரியில் வரிசையாக முயற்சிகள் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்புறம் 4624 என்ற எண்ணையும் பாருங்கள். அது வெற்றி பெற்ற லாகின். அதில் தெரியாத ஐபி முகவரி ஏதாவது இருந்தால், சாஃப்ட்வேர் தேர்வையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் பாதுகாப்புத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

போர்ட் எண்ணை மாற்றிவிட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். தேடும் நிரல்கள் எல்லா எண்களையும்தான் தேடுகின்றன. பாஸ்வேர்டு கடினமாக இருந்தால் போதும் என்றும் சொல்வார்கள். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. அது எவ்வளவு தீவிரமானது என்றால், 2014லேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டது.

போர்ட்டை மூடினால் கிளைகளின் வேலை நிற்குமே என்று கவலை வேண்டாம். விபிஎன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. முதலில் விபிஎன், அதற்குள்ளே ரிமோட் டெஸ்க்டாப். இப்போது இருக்கும் வேகம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வெளியே தெரியும் கதவு மட்டும் மறைந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். விபிஎன்னில் டேட்டாவைத் திறந்தால் ஒரு நிமிடம், ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்தால் உடனே. இது ஏன் என்று புரிந்துவிட்டால் தேர்வில் பாதி முடிந்தது.

உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் கிளையில் இருக்கும் பிசியில் ஓடுகிறது, டேட்டா தொலைவில் இருக்கிறது. ஒரு பில்லுக்கு அது டேட்டாவைக் கேட்பது ஒரு தடவை அல்ல. வாடிக்கையாளர் பெயர், பொருள் பட்டியல், விலை, இருப்பு, வரி என்று சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் கேட்கும். பேரேட்டைத் தலைமை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கிளையிலிருந்து ஆள் அனுப்பிப் படித்துவரச் சொல்வது மாதிரி. போய்வர 40 மில்லிசெகண்ட் ஆகிறது, ஒரு பில்லுக்கு 1,000 தடவை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 விநாடி வழியிலேயே போய்விட்டது. இங்கே இணைய வேகத்தைக் கூட்டி ஒரு பயனும் இல்லை. 50 எம்பிபிஎஸ்ஸை 200 ஆக்கினாலும் போய்வரும் நேரம் அதேதான். லைன் நடுவில் அறுந்தால் பாதி எழுதிய ஃபைல் அப்படியே நின்றுவிடும். உங்கள் ஃபைல் கெடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் சாஃப்ட்வேரும் டேட்டாவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த ஆயிரம் கேள்விகளும் சர்வருக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே போய்வருவது திரையின் படமும் கீபோர்டு, மவுஸ் அசைவுகளும்தான். லைன் அறுந்தாலும் சர்வரில் செஷன் (லாகின் செய்து ஓடிக்கொண்டிருக்கும் வேலை) உயிரோடு இருக்கும். திரும்ப லாகின் செய்தால் பாதி போட்ட பில் அப்படியே நிற்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது டெஸ்க்டாப்பை அல்ல. ஒரே ஒரு சாஃப்ட்வேரை அதன் டேட்டாவுக்குப் பக்கத்தில் ஓடவைத்து, அதன் ஜன்னலை மட்டும் 13 பேருக்குக் காட்டும் வழியைத்தான். உங்களிடம் வந்த மூன்று பேரும் இதைக் கேட்டிருந்தால் இவ்வளவு வித்தியாசமான மூன்று யோசனைகள் வந்திருக்காது.

இந்தத் துறையில் குழப்பம் வருவதற்குக் காரணம், ரிமோட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்கப்படுவதுதான். டீம்வியூவர், எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்றவை இருக்கும் ஒரு பிசியைத் தொலைவிலிருந்து இயக்குபவை. பழுது பார்க்க மிக நல்லவை. தினசரி வேலைக்கு என்றால் ஆளுக்கு ஒரு பிசி அலுவலகத்தில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அடுத்தது செஷன் முறை: ஒரு விண்டோஸ் சர்வருக்குள் பலர் ஒரே நேரத்தில், அவரவர் லாகினில். மூன்றாவது விடிஐ: ஆளுக்கு ஒரு தனி மெய்நிகர் கணினி, அதில் தனி விண்டோஸ். செஷன் முறையில் முழு டெஸ்க்டாப்பைக் காட்டாமல் ஒரு சாஃப்ட்வேரின் ஜன்னலை மட்டும் அனுப்பவும் முடியும். மைக்ரோசாஃப்ட்டில் இதற்கு ரிமோட்ஆப் என்று பெயர், விண்டோஸ் சர்வர் 2008லிருந்து இருக்கிறது. கிளையில் உள்ளவர் ஐகானை இரண்டு முறை சொடுக்குவார், பில்லிங் ஜன்னல் திறக்கும். அது சர்வரில் ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அப்ளிகேஷன் வர்ச்சுவலைசேஷன் என்று உங்களிடம் வந்து சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். அதே பெயரில் இன்னொன்றும் உண்டு. சாஃப்ட்வேரை ஒரு உறைக்குள் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே அவரவர் பிசியில் ஓடவைப்பது. ஆப்-வி, தின்ஆப் எல்லாம் அந்த வகை. அதில் சாஃப்ட்வேர் கிளையில்தான் ஓடும், டேட்டா தூரத்தில்தான் இருக்கும். உங்கள் பிரச்சினை அப்படியே இருக்கும். யோசனை சொல்பவரிடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மூன்று யோசனைகள். மூன்றாமவருடையதை முதலில் முடித்துவிடலாம், அதற்கு அதிக நேரம் தேவையில்லை. சாதாரண விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். அவர் மாற்றச் சொல்லும் ஃபைல் அந்தத் தடையை நீக்கும், உண்மைதான். ஆனால் அது லைசென்ஸ் விதியை மீறுவது. அதோடு, விண்டோஸ் அப்டேட் வரும்போது அந்த ஃபைல் மாறி, ஒரு காலையில் யாராலும் உள்ளே வர முடியாது. அதற்குப் பயந்து அப்டேட்டை நிறுத்திவைப்பார்கள். அப்டேட் இல்லாத விண்டோஸில் பதின்மூன்று பேர் கணக்கு எழுதுவது உங்களுக்குச் செலவில்லாத யோசனையாகத் தெரிகிறதா? அவரை அனுப்பிவிடுங்கள்.

உங்கள் சர்வரில் மூன்றாவது ஆள் வர முடியாததற்கும் இதே மாதிரி காரணம்தான். விண்டோஸ் சர்வர் தனி லைசென்ஸ் இல்லாமல் இரண்டு ரிமோட் செஷன்களை அனுமதிக்கும். அவை சர்வரைப் பராமரிக்கும் நிர்வாகிக்காக. பில் போடுவதற்கு அல்ல. கிளை ஆட்கள் நிர்வாகி லாகினில்தான் உள்ளே வருகிறார்கள் என்றால், அதையும் சீக்கிரம் மாற்றுங்கள். ஒருவர் தெரியாமல் ஷட் டவுனை அழுத்தினால் போதும், மொத்த நிறுவனமும் நின்றுவிடும்.

கிளவுட் டெஸ்க்டாப் யோசனை தவறானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொன்னவர் உங்கள் டேட்டா எங்கே இருக்கப்போகிறது என்று சொன்னாரா? டெஸ்க்டாப் கிளவுடில், டேட்டா அலுவலகத்தில் என்றால், இன்று கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவில் இருக்கும் அதே ஆயிரம் கேள்விகள் நாளை கிளவுடுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவில் ஓடும். மாதாமாதம் பணம் கட்டி அதே ஒரு நிமிடத்தை வாங்கியதாகும். டேட்டாவும் சேர்ந்து போனால்தான் அர்த்தம். அப்படிப் போனால் தலைமை அலுவலகத்தின் 22 பேரும் கிளவுட் வழியாகவே வேலை செய்ய வேண்டும், அங்கே லைன் விட்டுப்போனால் எல்லோரும் நிற்பார்கள்.

எப்போதாவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால், இரண்டு விதக் கட்டணங்களைப் பிரித்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 365 ஆளுக்கு ஒரு கணினி, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒரே தொகை. அதே நிறுவனத்தின் அஷூர் வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் ஒரே விண்டோஸ் 11க்குள் பலர் இருக்கலாம், கணினி ஓடும் நேரத்துக்குக் கட்டணம். தகுதியான மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஏற்கெனவே இருந்தால் அதில் விண்டோஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இரவில் அணைக்க மறந்தால் பில் ஏறிக்கொண்டே போகும். அமேசானிலும் வொர்க்ஸ்பேசஸ் என்ற பெயரில் இதே சேவை இருக்கிறது. மணிக்கணக்குக் கட்டணம் கட்டும் நிறுவனத்தில், அதைக் கவனிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

சிட்ரிக்ஸ் இந்தத் துறையின் மூத்த பிள்ளை. 1989ல் தொடங்கிய நிறுவனம். 1995ல் வின்ஃபிரேம் என்ற பெயரில் பலர் ஒரே விண்டோஸுக்குள் வேலை செய்யும் வழியை விற்றது. அந்தத் தொழில்நுட்பத்தை உரிமம் பெற்று வாங்கித்தான் மைக்ரோசாஃப்ட் 1998ல் தன் டெர்மினல் சர்வரை வெளியிட்டது. மோசமான லைனில் சிட்ரிக்ஸ் தாக்குப்பிடிப்பது இன்றும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது நூற்றுக்கணக்கான பேர், பத்து இருபது சாஃப்ட்வேர்கள், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கும் இடத்துக்கான சரக்கு. 13 பேருக்கும் ஒரு பில்லிங் சாஃப்ட்வேருக்கும் வாங்கினால், சாஃப்ட்வேரைவிட அதைப் பார்த்துக்கொள்பவருக்கான செலவு அதிகமாகும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தத் துறையில் பெரிய பெயர்கள் அண்மையில் கைமாறிக்கொண்டே இருந்தன. சிட்ரிக்ஸை 2022ல் முதலீட்டு நிறுவனங்கள் வாங்கின. மெய்நிகர் கணினி சாஃப்ட்வேர் விற்கும் விஎம்வேரை 2023ல் பிராட்காம் வாங்கி, அதன் ஹொரைசன் டெஸ்க்டாப் பிரிவை விற்றுவிட்டது. அந்தப் பிரிவு 2024லிருந்து ஓம்னிசா என்ற தனி நிறுவனம். முதலாளி மாறும்போது லைசென்ஸ் விதியும் விலையும் மாறுவது சகஜம். அதனால் யாரிடம் வாங்கினாலும், முதல் ஆண்டு விலையோடு புதுப்பிக்கும்போது என்ன விலை, குறைந்தபட்சம் எத்தனை பேருக்கு வாங்க வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெரிய பெயர் என்றால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸ் பிளீட் என்று பெயர் பெற்ற ஓட்டை, வெளியிலிருந்து வருபவர்களை உள்ளே விடும் வாசலான அவர்களுடைய நெட்ஸ்கேலர் கேட்வேயிலேயே இருந்தது. லாகின் முடிந்து ஓடிக்கொண்டிருந்த செஷனின் அடையாளத்தைத் திருட முடிந்தது. கையில் அந்த அடையாளம் இருந்ததால் பாஸ்வேர்டும் வேண்டாம், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் வேண்டாம். பேட்ச் போட்டவர்கள்கூடப் பழைய செஷன்களைத் துண்டிக்காமல் விட்டதால் மாட்டிக்கொண்டார்கள். எந்தக் கேட்வே போட்டாலும், அவசர பேட்ச் வந்தால் அன்றே போடுவது யார் பொறுப்பு என்று ஒரு பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஊழியராக இருக்கலாம், ஒப்பந்தக்காரராக இருக்கலாம். யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்பது மட்டும் கூடாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இதுதான். விண்டோஸ் சர்வரின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், சுருக்கமாக ஆர்டிஎஸ். அதில் பில்லிங் சாஃப்ட்வேரை ரிமோட்ஆப் ஆக மட்டும் வெளியிடுவது. வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் வழியாகவோ, 443 போர்ட்டில் இயங்கும் ஆர்டி கேட்வே வழியாகவோ வருவது. எந்த வழியானாலும் போனில் ஒப்புதல் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். தலைமை அலுவலகத்தின் 22 பேரும் இப்போது போலவே தங்கள் பிசியில் நேரடியாக வேலை செய்யட்டும். அவர்களுக்குப் பிரச்சினை இல்லை, கை வைக்க வேண்டாம்.

இதற்கு இரண்டு பெட்டிகள் வாங்க வேண்டியதில்லை. ஒரு பெட்டியின் எல்லா பிராசஸர் கோர்களுக்கும் விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் இருந்தால், அதில் இரண்டு மெய்நிகர் சர்வர்களை ஓட்டலாம். ஒன்றில் டேட்டா, இன்னொன்றில் செஷன்கள். டேட்டா இருக்கும் சர்வருக்குள் ஆட்களை லாகின் செய்ய விடாமல் இருப்பதற்கு இந்தப் பிரிப்பு முக்கியம். ராம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள். மூன்று பேரை உள்ளே விட்டு, மதியம் வேலை மும்முரமாக இருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் பயனர் வாரியாகப் பாருங்கள். அதைப் 13 பேருக்குப் பெருக்கி, மேலே பாதி சேருங்கள். பிரவுசரை மட்டும் அந்த சர்வரில் திறக்க விடாதீர்கள். பில்லிங் சாஃப்ட்வேர் சாப்பிடாத ராமை நாலு டேப் சாப்பிட்டுவிடும்.

ஆர்டிஎஸ் நிர்வாகம் கொஞ்சம் கரடுமுரடானது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரிமோட்ஆப் முறையாக வேண்டுமென்றால், எல்லா லாகின்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் இருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லாவிட்டால், அல்லது பார்த்துக்கொள்பவர் புதியவராக இருந்தால், பேரலல்ஸ் ஆர்ஏஎஸ், டிஎஸ்பிளஸ் மாதிரி மேலே ஏறி உட்காரும் சாஃப்ட்வேர்களைப் பார்க்கலாம். பயனர்களைச் சேர்ப்பது, பிரவுசரிலேயே ஜன்னலைத் திறப்பது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எல்லாம் அவற்றில் சுலபம். இலவசமாக வேண்டும் என்பவர்களுக்கு அப்பாச்சி குவாக்கமோலி இருக்கிறது. அது பிரவுசர் வழியாக உள்ளே விடும் வாசல் மட்டும்தான். உள்ளே சர்வர் நீங்கள்தான் வைக்க வேண்டும், லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதில் விற்பனையாளர்கள் மெதுவாகத் தாண்டிப் போகும் இடம் லைசென்ஸ். மேலே எந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும், சிட்ரிக்ஸ் உட்பட, அடியில் பலர் நுழைவது விண்டோஸ் சர்வர் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் ஆர்டிஎஸ் லைசென்ஸ் ஒவ்வொருவருக்கும் வேண்டும். அதோடு சாதாரண விண்டோஸ் சர்வர் அணுகல் லைசென்ஸும் வேண்டும். இரண்டும் வேறு வேறு. எங்களுடையது மட்டும் வாங்கினால் போதும் என்று ஒருவர் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மின்னஞ்சல் வராது.

ஆர்டிஎஸ் லைசென்ஸ் பயனருக்கு ஒன்று அல்லது கருவிக்கு ஒன்று என்று இரண்டு வகை. வீட்டிலிருப்பவர் லேப்டாப், அலுவலக பிசி, டேப்லெட் என்று மாறி மாறி வருவார் என்றால் பயனர் வகை. கிளையில் 9 பேர் ஷிஃப்ட் முறையில் 5 பிசிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்றால், கருவி வகையில் 5 போதும். டொமைன் இல்லாமல் வொர்க்குரூப்பில் வைத்தால் பயனர் வகை சரிப்படாது, கருவி வகைதான். ஆர்டிஎஸ் போட்டதும் 120 நாள் லைசென்ஸ் இல்லாமலே ஓடும். இந்த 120 நாள்தான் வம்பு. போட்டுக் கொடுத்தவர் பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார், நாலு மாதம் கழித்து ஒரு காலையில் யாரும் உள்ளே போக முடியாது. லைசென்ஸ் சர்வர் நிறுவி, அதில் எண்கள் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் நிறுவனத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. டெர்மினல் சர்வரில், அதாவது பலர் ஒரே நேரத்தில் நுழையும் சர்வரில், ஓட அனுமதி இருக்கிறதா, ஒரே கணினியில் பலர் திறந்தால் லைசென்ஸ் எப்படி எண்ணப்படும், பிரச்சினை வந்தால் ஆதரவு தருவார்களா என்று. யுஎஸ்பி டாங்கிள் (லைசென்ஸுக்காகச் சொருகும் சின்னக் கருவி) வைத்து ஓடும் சாஃப்ட்வேர் என்றால் இன்னும் கவனம் தேவை. சில டாங்கிள்கள் ரிமோட் செஷனைக் கண்டால் வேண்டுமென்றே வேலை செய்ய மறுக்கும், நெட்வொர்க் வகை டாங்கிளாக மாற்றி வாங்க வேண்டியிருக்கும். மெய்நிகர் சர்வருக்குள் அது தெரியுமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். அதே சர்வரில் எக்செல் வேண்டும் என்றால், பலர் பகிரும் கணினியில் ஓட அனுமதிக்கும் மைக்ரோசாஃப்ட் 365 திட்டம் வேண்டும். பிசினஸ் பிரீமியத்தில் அந்த அனுமதி இருக்கிறது, பிசினஸ் ஸ்டாண்டர்டில் இல்லை.

இனி பரிசோதனை. விற்பவர் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து டெமோ காட்டினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், சர்வர் அடுத்த அறையில்தானே இருக்கிறது. உங்களுடைய மோசமான லைன் இருக்கும் கிளையில், மாதக் கடைசியில் காட்டச் சொல்லுங்கள். முதலில் அங்கிருந்து சர்வருக்கு பிங் போட்டுப் பாருங்கள். போய்வரும் நேரம் 100 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் தட்டிய எழுத்து திரையில் தாமதமாக வருவது தெரியத் தொடங்கும். எண் சிறியதாக இருந்தாலும் 20, 25, 300, 22 என்று குதித்துக்கொண்டே இருந்தால் அதுவும் தொல்லைதான். வேலை நடக்கும்போது நெட்வொர்க் வயரை ஒருமுறை பிடுங்கி, திரும்பச் சொருகிப் பாருங்கள். பாதி பில் அப்படியே திரும்பி வர வேண்டும். தமிழிலோ வேறு மொழியிலோ தட்டச்சு செய்பவர் இருந்தால் அவரையும் உட்காரவையுங்கள். கீபோர்டு அமைப்பும் எழுத்துருவும் சர்வர் பக்கமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும்.

பிரிண்டருக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ரிமோட் டெஸ்க்டாப் போட்ட முதல் வாரத்தில் வரும் புகார்களில் பெரும்பகுதி பிரிண்டரைப் பற்றியதாகத்தான் இருக்கும். சர்வரில் ஓடும் சாஃப்ட்வேர் கிளையில் இருக்கும் பிரிண்டரில் அச்சிட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் ஈஸி பிரிண்ட், சர்வரில் டிரைவர் இல்லாமலே பக்கத்தைப் படமாக்கி இந்தப் பக்கம் அனுப்பிவிடும். லேசர் பிரிண்டருக்கு அது அருமை. பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அதுவே சாபம். எழுத்தாக அனுப்பினால் சரசரவென்று ஓடும் பிரிண்டர், படமாக வந்ததும் ஒவ்வொரு வரியையும் ஊர்ந்து ஊர்ந்து அடிக்கும், தாளின் நீளமும் தப்பிப்போய் அடுத்த பில்லின் தலைப்பு இந்தத் தாளின் அடியில் வந்து நிற்கும். அப்படி ஆனால், ஈஸி பிரிண்ட்டை முதலில் பயன்படுத்தாதே என்று குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்பில் மாற்றி, அந்த பிரிண்டரின் சொந்த டிரைவரை சர்வரிலும் கிளை பிசியிலும் ஒரே பதிப்பாகப் போட வேண்டும். ரசீது அடிக்கும் தெர்மல் பிரிண்டருக்கும் இதே கதைதான். ஸ்கேனர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது இன்னும் முரண்டு பிடிக்கும். முடிந்தால் கிளை பிசியிலேயே ஸ்கேன் செய்து ஃபைலை மட்டும் உள்ளே அனுப்புங்கள்.

டிசைன் செய்யும் இரண்டு பேரை இந்த சர்வருக்குள் கொண்டுவராதீர்கள். அவர்கள் வேலைக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், நிறம் சரியாகத் தெரிய வேண்டும். தங்கள் சொந்த பிசியிலேயே இருக்கட்டும். வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமானால் அதற்கென்றே பார்செக் போன்றவை இருக்கின்றன, அந்த இரண்டு பேருக்கு மட்டும் வாங்கினால் போதும்.

வீட்டிலிருக்கும் நாலு பேரின் இலவச சாஃப்ட்வேரையும் இத்தோடு எடுத்துவிடுங்கள். டீம்வியூவர், எனிடெஸ்க் இரண்டிலுமே இலவசப் பதிப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்தான், நிறுவன வேலைக்கு அல்ல. அதைவிட முக்கியம், வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டு இன்னும் அந்த பிசியில் வேலை செய்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆர்டிஎஸ்ஸில் ஒரு லாகினை முடக்கினால் எல்லா வழிகளும் ஒரேயடியாக மூடும்.

எல்லாம் ஒரு சர்வருக்குள் வந்த பிறகு அது நின்றால் கிளைகள் இரண்டும் நின்றுவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். யுபிஎஸ், தினசரி பேக்கப், அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்த ஒரு ஒத்திகை, இவை விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளையில் லைன் போனால் என்ன செய்வது என்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பில்லிங் திரைக்குப் பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்கூட ஆகாது, ஒருவர் தன் போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே சமாளித்துவிடலாம். தலைமை அலுவலகத்தில் லைன் போனால்தான் சிக்கல். அங்கே வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது இணைப்பு கட்டாயம்.

கடைசியாக, பில்லிங் சாஃப்ட்வேர் நிறுவனத்திடம் பேசும்போது பிரவுசரில் ஓடும் பதிப்பு எப்போது வருகிறது என்றும் கேட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டே வருகிறது, நீங்களும் மாறப்போகிறீர்கள் என்றால் இந்த ஏற்பாட்டுக்கு ஆயுள் குறைவு. அப்போது யாரிடமும் மூன்றாண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். இருக்கும் சர்வரில் ராமைக் கூட்டி, 13 ஆர்டிஎஸ் லைசென்ஸோடு ஓட்டிவிடலாம். அப்படி எதுவும் வராது என்று சொன்னால், புதிய பெட்டிக்கும் டொமைனுக்கும் செலவு செய்வதில் தயங்க வேண்டாம்.